வடிவின் பல்லும் இடது காதும்

சண்முகவடிவின் முன்பல் முறுக்குக் கடித்து உடைந்தது. இதை யாரிடம் சொன்னாலும் ஒரு மாதிரிச் சிரிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. போன தீபாவளியன்று அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டு நானும் நம்பவில்லை.

பொகவந்தலாவைக் கடைத்தெருவிலிருந்து நாலு கிலோமீற்றர் ஏறினால் எங்கள் தோட்டம். ஒரே கூரைக்குக் கீழே குடும்பத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு காம்பரா உள்ள எங்கள் லயத்தில் ஐந்தாவது காம்பரா வடிவுடையது, ஆறாவது என்னுடையது. நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தச் சுவர் வழியாக இருபது வருசம் நான் கேட்ட சத்தங்களை வைத்து ஒரு ஆளைத் தூக்கில் போடலாம். என் பெயர் ஜெயந்தினி. தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போனபின் அவர்களுடைய குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில் வைத்துப் பார்த்துக்கொள்வது என் வேலை. எனக்கும் வடிவுக்கும் ஒரே வயது, நாற்பத்தைந்து. எனக்குக் கோபம் வந்தால் நாக்கு நிற்காது. அது செய்த வேலையையும் இதில் சொல்லத்தான் போகிறேன்.

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வடிவு இங்கே கல்யாணமாகி வந்தது தொண்ணூற்றெட்டில். புருசன் சின்னராசா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன். நேரில் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், எழுதும்போது எனக்கு அவன்தான். கல்யாணமான மூன்றாம் மாதமே கை வைத்தான். மழை பெய்து வேலை நின்றால் கசிப்புச் சாராயத்தைக் குடித்துவிட்டு அடிப்பான். வேலை இருந்தால் அலுப்பில் அடிப்பான். முடியைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு சுவரில் மோதுவான், அந்தச் சுவர் என் சுவர். எங்கள் வீட்டுச் சாமிப்படம் இரண்டு தடவை கீழே விழுந்திருக்கிறது. ஒருமுறை தரையில் கிடந்தவளை விலாவில் எட்டி உதைத்ததில் இரண்டு மாதம் அவளால் கூடை தூக்க முடியவில்லை.

மறுநாள் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்கும்போது முகம் வீங்கியிருக்கும். யாராவது கேட்டால் “ஒண்ணுமில்ல” என்பாள். விறகு பட்டுவிட்டது என்பாள், கதவு இடித்துவிட்டது என்பாள். எங்கள் எல்லோருக்கும் தெரியும். வடிவு ஒண்ணுமில்லை என்றால் அடி விழுந்திருக்கிறது என்று அர்த்தம். கேட்டவர்களும் அதற்குமேல் கேட்கமாட்டார்கள். அது எங்கள் லயத்துப் பழக்கம், வெட்கங்கெட்ட பழக்கம்.

இரண்டாயிரத்துப் பத்து ஆடி மாதம், ஒரு சாயங்காலம், அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவளின் இடது காதோடு சேர்த்து விரித்த கையால் அறைந்தான். காதிலிருந்து ரத்தம் கழுத்துவரை வழிந்தது. அதோடு அந்தக் காது போயிற்று. அன்றைக்கே ஒன்பது வயது மகள் நிஷாந்தியைக் கையில் பிடித்துக்கொண்டு டிக்கோயாவுக்குத் தாய்வீட்டுக்குப் போனாள். அங்கே அவளுடைய தம்பி விஜிதரன் இருந்தான், இருபத்துநாலு வயது, அப்போதுதான் லொறி ஓட்டத் தொடங்கியவன். காதில் பஞ்சை வைத்துக்கொண்டு நின்ற அக்காவைப் பார்த்தான். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவனே ஏற்றிவிட்டான்.

“பொறுத்துக்கக்கா. பொம்பளப் புள்ள இருக்கு. ஊரு சிரிக்கும்” என்று சொல்லி அனுப்பினானாம். இதை வடிவு என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள், அழாமல் சொன்னாள்.

அடி நின்றது இரண்டாயிரத்துப் பதினெட்டில். நிறுத்தியது கடவுளுமில்லை, தொழிற்சங்கமுமில்லை. பதினேழு வயது நிஷாந்தி அடுப்பிலிருந்து எரிகிற கட்டையை உருவி அப்பன் தோளில் வைத்து இழுத்தாள். தோல் கருகின நாற்றம் என் காம்பராவரை வந்தது. “இன்னொருக்கா அம்மா மேல கை வச்சா மூஞ்சில வப்பேன்” என்றாள். அவ்வளவுதான், குடியும் நின்றது, கையும் நின்றது. அவன் திருந்திவிட்டான் என்று லயமே பேசியது. திருந்தவில்லை, பயந்துவிட்டான் என்று நான் சொன்னேன். எதுவானாலும் ஆறு வருசம் அந்தச் சுவரில் ஒன்றும் மோதவில்லை, அதற்கும் நான்தான் சாட்சி. நிஷாந்தி கொழும்புக்கு வேலைக்குப் போன பிறகும் அவன் கை எழும்பவில்லை.

இந்த ஆறு வருசத்தில்தான் வடிவின் பல் கரைந்தது.

அவளுக்கு நெஞ்செரிச்சல் எப்போது தொடங்கியது என்று அவளுக்கே தெரியாது. நாங்கள் அதை ஒரு நோயாகவே எண்ணியதில்லை. லயத்தில் பாதிப் பெண்களுக்கு அது உண்டு. மலையிலிருந்து வந்து, ஊற்று வந்து விழுகிற பீலியில் தண்ணீர் பிடித்து, விறகு பிளந்து, ரொட்டி சுட்டு, எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் தான் சாப்பிட உட்காரும்போது ஒன்பது மணி தாண்டிவிடும். சாப்பிட்ட கையோடு படுக்கை. படுத்தவுடன் தின்றதெல்லாம் புளித்துத் தொண்டைக்கு ஏறும். விடிய எழும்பினால் வாய் முழுக்கப் புளிப்பு.

அதற்குமேல் படங்கு. செடி கீறாமலும் பனி நனைக்காமலும் இருக்க கொழுந்தெடுக்கிறவர்கள் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற தடித்த விரிப்பு அது. அதைக் கயிறு போட்டு இறுக்கினால்தான் கூடைப் பாரம் இடுப்பைப் பிடிக்காது என்பது எங்கள் நம்பிக்கை. வடிவு மற்றவர்களைவிட இரண்டு சுற்று அதிகம் சுற்றுவாள். பழைய உதை பட்ட விலா, இறுக்கிக் கட்டினால் சத்தம் போடாமல் இருக்கும் என்பாள். வெறும் வயிற்றில் கடுஞ்சாயத் தேத்தண்ணி, வயிற்றை நெரிக்கும் கயிறு, சரிவில் குனிந்தபடி ஒரு நாள் முழுக்க வேலை. வயிற்றுக்குள் இருக்கிற அமிலம் வேறெங்கே போகும், மேலேதான் வரும்.

புளிப்புக்கு வைத்தியம் எங்களுக்கா தெரியாது? பித்தம் என்றோம். பித்தத்துக்குத் தேசிக்காய், எலுமிச்சைதான், பிழிந்து உப்புப் போட்டுக் குடி என்றோம். அதைச் சொன்னது நான். அவளும் தினமும் விடியக் குடித்தாள். குடித்த உடனே அடுப்புக்கரியையும் உப்பையும் சேர்த்துப் பல்லைத் தேய்ப்பாள், புளிப்புப் போகும்வரை, பாத்திரத்தில் அடிப்பிடித்ததைச் சுரண்டுகிற மாதிரி. அப்படியும் பல் வெள்ளையாகவில்லை, வருசத்துக்கு வருசம் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. பச்சைத் தண்ணீர் பட்டால் கூசிற்று. மேல்வரிசை முன்பற்களின் நுனி மெலிந்து, வெளிச்சத்துக்கு நேரே பார்த்தால் அந்தப் பக்கம் தெரிகிற மாதிரி ஆகிவிட்டது. நுனியில் சின்னச் சின்னதாக உடைந்து உதிர்ந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு வாயைக் கையால் மூடிப் பேசத் தொடங்கினாள். வாயை மூடிப் பேசுகிற பெண்ணைப் பார்த்து லயம் என்ன நினைக்கும்? பழையபடி தொடங்கிவிட்டான் என்று நினைத்தது. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த நான், இப்போதெல்லாம் சத்தம் வராமல் அடிக்கப் பழகிவிட்டான் என்று நினைத்தேன்.

தீபாவளியன்று காலை விஜிதரன் வந்தான். இப்போது அவனுக்கு முப்பத்தெட்டு வயது, ஹட்டனில் மரக்கறி லொறி ஓட்டுகிறான். வருசா வருசம் அக்காவுக்குச் சேலையும் பலகாரமும் கொண்டுவருவான். வாசலில் பையைக் கொடுத்துவிட்டு, யாரோ கூப்பிட்டார்கள் என்று லயத்துக் கோடிக்குப் போனான். வடிவு முறுக்கொன்றை எடுத்து எனக்குப் பாதி தந்துவிட்டு மீதியைக் கடித்தாள். டக்கென்று கேட்டது. அவள் உள்ளங்கையில் துப்பினாள். முறுக்கோடு முன்பல்லில் பாதி. பக்கத்துப் பல்லும் நுனி போயிருந்தது. உடைந்த விளிம்பு கீறி உதட்டில் ரத்தம் வந்தது.

அந்த நேரம் பார்த்து விஜிதரன் உள்ளே வந்தான்.

“என்னாக்கா ரத்தம்?”

வடிவு வாயைப் பொத்திக்கொண்டாள். “ஒண்ணுமில்ல.”

“கையெடு.”

“ஒண்ணுமில்லடா. முறுக்குக் கடிச்சேன்.”

அவன் அவள் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். முகம் கறுத்துவிட்டது. “முந்தி வெறகு பட்டுச்சுன்ன. கதவு இடிச்சிச்சுன்ன. இப்ப முறுக்கா?”

என் பக்கம் திரும்பினான். நான் பார்த்தது முறுக்கைத்தான், இந்தக் கண்ணால்தான் பார்த்தேன். ஆனாலும் நல்ல பல் முறுக்குக்கா உடையும், சின்னராசா ஏற்கெனவே ஆட்டி வைத்த பல்லாகத்தான் இருக்கும் என்று மனசு சொல்லிற்று. “ஏங்கிட்ட என்னாத்த கேக்குற தம்பி. கேட்டா மட்டும் உங்கக்கா சொல்லிரப் போறாளா” என்றேன். இந்த ஒரு வார்த்தைதான் நான் சொன்னது. அது போதுமாயிருந்தது.

சின்னராசா பீலியடியில் எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தான். கண்ணில் சீயக்காய், யார் வருகிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. விஜிதரன் முதுகில் விட்ட முதல் உதையில் முகம் துவைக்கிற கல்லில் போய் மோதியது. எழும்பப் பார்த்தவனின் வயிற்றில் மிதித்தான். எண்ணெய் உடம்பு பிடிபடவில்லை, கழுத்தைப் பிடித்தால் வழுக்கியது, அதில் அவனுக்கு இன்னும் வெறி ஏறியது. கீழே கிடந்த கல்லொன்றை எடுத்துக்கொண்டு நெஞ்சில் ஏறி உட்கார்ந்தான்.

“நான் அடிக்கல மச்சான்” என்று சின்னராசா ஒருமுறை சொன்னான். இரண்டாம் முறை சொல்ல வாய் இல்லை. கல் வாயில் இறங்கியது, மூன்று தடவையோ நாலு தடவையோ. ஒவ்வொரு தடவையும் கல்லில் கல் உரசுகிற மாதிரிச் சத்தம். தடுக்க எழும்பிய கையின் மேலும் அதே கல். பீலித் தண்ணீர் சிவப்பாகச் சாக்கடைக் கானுக்குள் ஓடியது.

முப்பது பேர் நின்றோம். யாரும் அசையவில்லை. நானும் அசையவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், முதல் இரண்டு அடி எனக்கு இனித்தது. இருபது வருசம் சுவரோரம் படுத்துக் காதைப் பொத்திக்கொண்டதற்கு இப்போதாவது ஒன்று நடக்கிறதே என்றிருந்தது. வடிவுதான் ஓடிவந்து குறுக்கே விழுந்தாள். தம்பியின் முழங்கை அவள் கன்னத்தில் பட்டது. அதன்பிறகுதான் அவன் கல்லைப் போட்டான். பீலித் திட்டில் உட்கார்ந்து கையைக் கழுவினான். பொலிஸ் வரும்வரை அங்கேயே இருந்தான். “அக்கா பல்ல ஒடச்சான், நான் அவன் பல்ல ஒடச்சேன்” என்று வந்தவர்களிடம் சொன்னான். ஓடவுமில்லை, ஒளிக்கவுமில்லை.

சின்னராசாவை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முன்பல் நாலு போயிருந்தது, உதடு இரண்டாகக் கிழிந்து, விலா எலும்பு ஒன்றும் வலது கையில் இரண்டு விரலும் முறிந்திருந்தன. மறுநாள் பல் டாக்டர் முனீரா வந்து பார்த்தார். சின்ன வயதுப் பெண், பொறுமையானவர். எப்படி நடந்தது என்று கேட்டார். வடிவு வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்.

“நீங்க ஏன் வாயப் பொத்துறீங்க? கொஞ்சம் காட்டுங்க பாப்போம்.”

சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். அழுத்திப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். “விடிய எழும்பினா வாய் புளிக்குமா?” என்றார். வடிவு தலையாட்டினாள். “எத்தன வருசமா?” அதற்கு அவளிடம் கணக்கில்லை.

டாக்டர் என்னையும் கிட்டக் கூப்பிட்டுக் கண்ணாடியில் காட்டினார். மேல்வரிசைப் பற்களின் வெளிப்பக்கம் ஓரளவு பல்லாக இருந்தது. உள்பக்கம், நாக்குப் படுகிற பக்கம், பாதியாகத் தேய்ந்து வழுவழுவென்று, மேல்பூச்சு போன மஞ்சளாக இருந்தது. கடைவாய்ப் பற்களின் தலையில் சின்னச் சின்னக் குழிகள்.

“இது அடி இல்ல. அடிச்சா பல்லு ஆடும், ஈறு கிழியும், இல்லாட்டி முறிஞ்ச எடம் முறிஞ்ச மாதிரியே இருக்கும். இது வயித்துல இருந்து மேல வார அமிலம். படுக்கும்போது அது வந்து முதல்ல மேல்பல்லுக்குப் பின்னாலதான் படும். பல்லுக்கு மேல இருக்கிற கெட்டியான பூச்ச கொஞ்சம் கொஞ்சமாக் கரைச்சிரும். ஒருக்கா போனா அது திரும்ப வளராது. பிறகு பல்லு தகடு மாதிரி ஆகிரும். முறுக்குக் கடிச்சாலும் உடையும்.”

முறுக்குக் கடித்தாலும் உடையும். டாக்டர் வாயிலிருந்து அது வந்தபோது, விஜிதரனிடம் நான் சொன்ன அந்த ஒரு வார்த்தை ஞாபகம் வந்தது.

தேசிக்காயைச் சொன்னோம், கரியைச் சொன்னோம். டாக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அமிலம் வந்தவுடன் பல் இளகி இருக்குமாம், அப்போது தேய்த்தால் கையோடு வந்துவிடுமாம். வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு ஒரு மணி நேரம் பொறுத்துத்தான் தேய்க்க வேண்டும், கரி கூடவே கூடாது, தேசிக்காயை விட்டுவிட வேண்டும் என்றார். ராச்சாப்பாட்டை நேரத்தோடு முடித்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்க வேண்டும், கட்டிலின் தலைப்பக்கக் காலுக்குக் கல் வைத்து உயர்த்த வேண்டும் என்றார். வயிற்றுக்கு மருந்து தர வேறு டாக்டருக்குத் துண்டெழுதினார். மிச்சப் பல்லுக்கு மேலே பூசிக் காப்பாற்றலாம் என்றார். வடிவின் இடுப்பில் கயிறு பதிந்த கறுப்புத் தழும்பைப் பார்த்துவிட்டு, “இதையும் தளர்த்துங்க” என்றார்.

பிற்பகல் ஆஸ்பத்திரியிலிருந்த பொலிஸ் அறைக்கு வடிவை வாக்குமூலம் கொடுக்கக் கூப்பிட்டார்கள். அதற்குமுன் ஆளாளுக்கு வந்து அவளைச் சூழ்ந்தார்கள். சங்கத்துத் தலைவர் வந்தார், அடி விழுந்த இருபது வருசமும் எங்கே இருந்தாரோ தெரியாது, அன்றைக்கு வெள்ளைச் சட்டையோடு வந்தார். “புருசன்தான் பல்ல ஒடச்சாருன்னு சொல்லுங்க. ரெண்டு பக்கமும் தப்புன்னு ஆயிரும். பேசிச் சமாதானம் பண்ணி தம்பிய வெளிய எடுத்துறலாம். இல்லாட்டி சும்மா இருந்தவன அடிச்சதா ஆயிரும், உள்ள போயிருவான்” என்றார். கொழும்பிலிருந்து நிஷாந்தி போனில் அழுதாள். “அம்மா, அடிச்சாருன்னே சொல்லு. பொய்யா அது? மாமாவ உள்ள விட்றாத.”

நானும் சொன்னேன். “அந்தாளு ஒதச்ச விலாவுக்குத்தானே கயித்த இறுக்குன? கயிறு இறுக்குனதுனாலதானே புளிப்பு ஏறுச்சு? அப்புடிப் பாத்தா ஒன் பல்ல ஒடச்சது அந்தாளுதான். தைரியமாச் சொல்லு” என்றேன். எனக்கு அது ஞாயமாகவே பட்டது, இப்போதும் முக்கால்வாசி ஞாயமாகத்தான் படுகிறது. வடிவு நாக்கால் பல்லின் உள்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

சார்ஜன்ட் மஹத்தயாவுக்குத் தமிழ் வராது. வடிவுக்குச் சிங்களம் கொஞ்சம் விளங்கும், பேச வராது. எனக்கு இரண்டும் வரும் என்பதால் நான்தான் மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். அவளுடைய இடது பக்கம் உட்கார்ந்தேன். வேண்டுமென்றேதான் உட்கார்ந்தேன், அந்தக் காதில் ஒன்றும் விழாது.

பல்லை உடைத்தது புருசனா என்று அவர் சிங்களத்தில் கேட்டார். நான் அவளுடைய வலது காதுப் பக்கம் சாய்ந்து தமிழில் கேட்டேன். வடிவு, “அவரு ஒடைக்கல. முறுக்குக் கடிச்சேன். டாக்டரம்மாவ கேளுங்க” என்றாள். நான் சார்ஜன்டைப் பார்த்து, “ஒவ் மஹத்தயா” என்றேன். ஆமாம் ஐயா என்று சொன்னேன். அவர் எழுதக் குனிந்தார்.

வடிவு என் மணிக்கட்டைப் பிடித்தாள். காதில் விழுந்திருக்காது, என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கொழுந்து கிள்ளிக் காய்த்த விரல், எலும்புவரை இறங்கியது. என் கையை விடாமலே அவரைப் பார்த்து, “நே மஹத்தயா. நே” என்றாள். இல்லை என்பது யாருடைய மொழிபெயர்ப்பும் இல்லாமல் அவர் முன்னால் போய் விழுந்தது. பேனா நின்றது.

“ஜெயந்தி, நான் சொல்றத அப்புடியே சொல்லு. இல்லாட்டி எந்திரிச்சிப் போ” என்றாள். பிறகு தலையைத் திருப்பி, கூந்தலை ஒதுக்கி, இடது காதைச் சார்ஜன்டுக்குக் காட்டினாள். “பல்லு அவரு ஒடைக்கல. இந்தக் காது அவரு ஒடச்சது. ரெண்டாயிரத்திப் பத்து, ஆடி மாசம். அத எழுதுங்க.”

நான் அப்படியே சொன்னேன். சார்ஜன்ட் பேனாவைக் கீழே வைத்தார். இது பதினாலு வருசத்துக் கதை, இன்றைய விசாரணை பல்லைப் பற்றி, காதை எழுதி என்ன ஆகப்போகிறது என்றார். “எழுதுங்க” என்றாள். விலாவைச் சொன்னாள், வருசத்தோடு. சுவரைச் சொன்னாள். எனக்குத் தெரியாத இரண்டு அடியும் இருந்தன, அவற்றையும் ஒரு வார்த்தை விடாமல் சிங்களத்தில் சொன்னேன். அவர் ஒரு பக்கம் எழுதினார், பிறகு இன்னொரு பக்கம் எழுதினார். எழுந்து வார்டுக்குப் போய்ச் சின்னராசாவிடம் காதைப் பற்றிக் கேட்டார், நானும் கூடப் போனேன். அவன் வாய் முழுக்கத் துணி. வடிவைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். பிறகு ஆமென்று தலையாட்டினான். கண்ணோரம் தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. எனக்கு இரக்கம் வரவில்லை.

விஜிதரனை விளக்கமறியல் சிறையில் வைத்தார்கள். காது வழக்கு இன்னும் வழக்காகவில்லை, தாளில் இருக்கிறது. லயத்தில் வடிவோடு பாதிப்பேர் பேசுவதில்லை. கூடப் பிறந்தவனைவிடப் புருசன் பெரிசாகிவிட்டான் என்கிறார்கள். அப்படிப் பேசுகிறவர்கள் ஐந்தாவது காம்பராவை எட்டிப் பார்த்ததில்லை. சின்னராசாவின் படுக்கை இப்போது முன்பக்கத்து இஸ்தோப்புத் திண்ணையில். வடிவு கஞ்சி வைத்துக் கொடுக்கிறாள், வேறொன்றும் பேசுவதில்லை. தான் ஆறரைக்கே சாப்பிட்டுவிடுகிறாள், அவளுக்குமுன் யாரும் சாப்பிட வேண்டுமென்பது இப்போது இல்லை. கட்டிலின் தலைமாட்டுக்கு இரண்டு செங்கல். படங்குக் கயிறு ஒரே சுற்று. விலா வலிக்கிறது என்றாள், வலிக்கட்டும் என்றாள்.

சிறைக்கு வாரா வாரம் போனாள், நானும் போனேன். இரண்டு வாரம் விஜிதரன் எங்களைப் பார்க்க வர மறுத்துவிட்டான். மூன்றாம் வாரம் வந்தான். கம்பி வலைக்கு இரண்டு பக்கமும் ஐம்பது பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். அவன் தலையைக் குனிந்தபடி ஏதோ கேட்டான். வடிவுக்கு விழவில்லை. வலது காதை வலையோடு ஒட்டி வைத்தாள். அவன் அந்தக் காதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

“எனக்காக ஒரு பொய் சொல்ல முடியலயாக்கா ஒன்னால?”

“முறுக்குன்னு ஒங்கிட்டச் சொன்னேன். நீ கேக்கல.”

“நீ எப்பவும் அப்புடித்தானே சொல்லுவ.”

வடிவு வாயைத் திறந்தாள், கையால் மூடாமல். மேலுதட்டைத் தூக்கி, தலையை அண்ணாந்து, வெளிச்சத்துக்குத் திரும்பி உள்பக்கத்தைக் காட்டினாள். டாக்டர் சொன்னதை முழுக்கச் சொன்னாள், புளிப்பு, தேசிக்காய், கரி எல்லாவற்றையும். அவன் வலையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

“அப்ப அந்தாள சும்மாவா அடிச்சேன்?”

“அந்தாளு வாங்க வேண்டியதுதான். ஆனா நீ பல்லுக்கு வந்த. காது போனன்னிக்கி வந்திருந்தா, நானே கல்ல எடுத்து ஒங்கையில குடுத்திருப்பேன் தம்பி. அன்னிக்கு நீ என்னய பஸ்ஸேத்தி விட்ட.”

அவன் நெற்றியை வலையில் வைத்தான். காவலாளி நேரம் முடிந்தது என்று தட்டினான். வடிவு திரும்பிவிட்டாள், இடது பக்கம்தான் அவனுக்குத் தெரிந்தது. அப்போது அவன் ஏதோ சொன்னான். எனக்குக் கேட்டது.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, “என்னமோ சொன்னானே, என்னா சொன்னான்?” என்றாள். அவளுக்கு எது வேண்டுமோ அதைச் சொல்ல என்னால் முடியும், பொலிஸ் அறையில் ஒருமுறை அப்படிச் செய்தவள்தானே. இந்தமுறை நான் எதையும் மாற்றவில்லை.

“‘அன்னிக்கு காதுல ரத்தத்தப் பாத்துட்டுத்தான் அனுப்புனேன், மன்னிச்சிரு அக்கா’ன்னான்.”

அவள் இடம் மாறி உட்கார்ந்தாள். வலது காதை என் பக்கம் கொண்டுவந்தாள்.

“திரும்பச் சொல்லு” என்றாள். நான் திரும்பச் சொன்னேன்.